பாதுகாவலர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்

"பிள்ளைக்குச் சப்பாத்து எத்தனையாம் நம்பர்?" என்று திருமதி ஹேரத் கேட்டார்.

துஷார பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"அவங்கள ஏன் பாக்கிறீங்க தம்பி? அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கேள்வி உங்களுக்கு."

பிரதேச செயலகத்தின் மேல்மாடியில் அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் வரைக்கும் துஷாரவுக்கு இது வெறும் கையெழுத்து விஷயம். மனைவி இரேஷா முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். சைப்பிரஸில் வயதான தம்பதி வீட்டில் வேலையும் தயாராக இருந்தது. சின்னப் பிள்ளையை வைத்திருக்கும் தாய் வெளிநாடு போவதென்றால், அவள் இல்லாத காலத்தில் பிள்ளையை யார் பார்ப்பது என்று காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். அந்தப் பகுதிக்கு அதை எழுதுகிற உத்தியோகத்தர் திருமதி ஹேரத். படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் ஊரில் எல்லோரும் ஒரு பெண்ணின் பெயரைத்தான் எழுதுவார்கள். துஷாரவின் அக்கா மங்கலிகா கூட அடையாள அட்டையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தயாராகத்தான் இருந்தாள். ஆனால் படிவத்தை நிரப்பிய இரேஷா அந்த இடத்தில் புருஷன் பெயரை எழுதிவிட்டாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, "பிள்ளை உங்களோடதுதானே?" என்று மட்டும் சொன்னாள்.

"சப்பாத்து நம்பர் தெரியாது மிஸ். கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் போட்டுப் பாத்துத்தானே வாங்குறது."

"சரி. வகுப்பு டீச்சர் பேர்?"

"சாரி கட்டிட்டு வருவாங்க. கொஞ்சம் உயரம்."

"எந்த மருந்து பிள்ளைக்கு ஒத்துக்காது?"

துஷார மறுபடியும் பக்கவாட்டில் பார்த்தான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குப் புதுச் செய்தி.

"என்ன சாப்பாடு பிடிக்கும்? அதாவது தெரியுமா?"

இதற்கு அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பலாக்கொட்டை. வறுத்துக் குடுத்தா ஒரு சட்டி தின்னுவா."

"அது உங்களுக்குப் பிடிக்கும்," என்றாள் இரேஷா. "அவ வாயிலயே வைக்க மாட்டா."

திருமதி ஹேரத் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். ஐம்பதைத் தாண்டிய, பருத்த, நிதானமான பெண். ஸ்கூட்டரில் அந்தப் பகுதியின் குளக்கட்டுகள் எல்லாவற்றையும் சுற்றி வருகிறவர். "போன வருஷம் இதே மேசையில ஒரு பிள்ளையோட சித்தி பேருக்கு நான் கையெழுத்துப் போட்டேன். நல்ல பொண்ணு. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னா. மூணாம் மாசம் கல்யாணம் கட்டிக்கிட்டு அனுராதபுரம் போயிட்டா. பிள்ளை பக்கத்து வீட்டு வாசல்ல தட்டோட நின்னதுக்கு அப்புறம்தான் எனக்குத் தகவலே வந்துச்சு. அதுக்குப் பிறகு நான் சும்மா கையெழுத்துப் போடுறதில்ல."

"இவர் கொரியாவுக்குப் போனாரே மிஸ்," என்றாள் இரேஷா. குரலில் சண்டை இல்லை. ஆனால் சொல்லாமல் விடுகிற எண்ணமும் இல்லை. "பிள்ளைக்கு அஞ்சு மாசம். மூணு வருஷம் கழிச்சுத்தான் வந்தாரு. அப்ப எந்த ஒஃபிஸ்லயும் யாரும் ஒரு காகிதம் கேக்கலையே."

"கேட்டிருக்கணும். கேக்கல," என்றார் திருமதி ஹேரத். "பிள்ளைக்குப் பொறுப்பு ரெண்டு பேரும்தான். காகிதம் மட்டும் அம்மாக்கிட்டக் கேக்குது. அதனாலதான் இவர் பேர நீங்க எழுதினதும் நான் அழிக்கல. இந்த மேசைக்கு இப்படி ஒரு படிவம் வந்ததே இல்ல." அவர் துஷார பக்கம் திரும்பினார். "ஆறு கிழமை, ஒன்றரை மாசம் தாறேன். அந்த ஆறு கிழமையும் உங்க வீட்டுல இரேஷா விருந்தாளி. எல்லாம் நீங்க. நான் சொல்லாமத்தான் வருவேன். செய்ய ஏலுமா?"

"இதென்ன பெரிய விஷயமா மிஸ்," என்றான் துஷார. ஒரு காலையில் ஆயிரம் தேங்காய் உரிக்கிறவன் அவன். கொரியாவில் உறையும் கடலில் நின்று வேலை செய்தவன். ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

பெரிதுதான் என்பது மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெரிந்தது. மகள் தினுலியின் ஒரு காலுறை கிடைக்கவில்லை. சோற்றுப் பெட்டியில் வைத்த பருப்பு ஒழுகிக் கொப்பி நனைந்தது. இரட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது கழுத்துக்குக் கீழேயும் நின்றது. தினுலி கண்ணாடி முன்னால் நின்று தன்னையே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, நான் இன்னைக்கு யாரு?"

இரேஷா முன்வாசல் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அந்தப் பின்னலைச் சரிசெய்ய அவள் கைகள் எவ்வளவு துடித்தன என்பதை அவள் பிற்பாடுதான் சொன்னாள். அன்றைக்கு, "விருந்தாளிக்கு இன்னும் தேத்தண்ணி வரலையே," என்று மட்டும் சொன்னாள்.

முதலில் அவன் வேலை நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. பண்டார முதலாளியின் தேங்காய்க் களத்தில் உரிக்கிறவர்கள் விடியும் முன்னே தொடங்கி வெயில் ஏறும்போது முடிப்பார்கள். முதலாம் தரத்துப் பிள்ளையோ பதினொன்றரைக்கு வீடு திரும்பிவிடும். துஷார முதலாளியிடம் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வருவேன் என்றான்.

"உனக்கென்னடா, பொண்டாட்டி செத்துட்டாளா?" என்றார் பண்டார.

"உயிரோடதான் இருக்கா முதலாளி. நானும் உயிரோட இருக்கேன். அதான் நான் பாக்கிறேன்."

களத்தில் சிரிப்பு எழுந்தது. ஒருவன் அவனை "அம்மே" என்று கூப்பிட்டான். அந்தப் பெயர் ஒரு மாதம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவ்வளவு வேகமாக உரிக்கிற ஆளை இழக்கப் பண்டாரவுக்கு மனமில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் களத்தில் கொஞ்சம். மீதித் தேங்காயை டிராக்டரில் வீட்டுக்கே கொண்டுவந்து கொட்டுவது, துஷார மத்தியானம் தன் முற்றத்தில் கூரான இரும்புக் கம்பி நட்டு உரிப்பது, உரித்த காயை மாலையில் ஏற்றிப் போவது. தினுலி வீட்டுப்பாடம் எழுத, அவன் கண்ணெதிரே உரித்துக்கொண்டிருக்கலாம். ஏற்பாட்டைப் பற்றித் துஷாரவுக்கே பெருமை. உரித்த மட்டைகள் முற்றத்து ஓரத்தில் குவிந்தன; அதில் நார் எடுக்கும் தும்பு ஆலையின் லொறி வரும்போது எடுத்துக்கொள்ளும்.

கிழமைகள் போகப் போகக் கை பழகியது. டீச்சரின் பெயர் நயனகாந்தி என்று தெரிந்தது. சப்பாத்து பதினொன்று. தினுலிக்குப் பிடித்தது கருவாட்டுப் பொரியல். பென்சிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிக்கும். கிளினிக் கொப்பியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. பிள்ளை பொய் சொல்லும்போது மூக்கைத் தடவுகிறது. மங்கலிகா அக்கா மட்டும் சமாதானமாகவில்லை.

"ஆம்பிளை ஒருத்தன் பொம்பளைப் பிள்ளையக் குளிப்பாட்டி, தலை சீவி... ஊர் என்ன கதைக்கும்?"

"ஊருக்கு வந்து தலை சீவ ஏலுமான்னு கேளுங்க அக்கா. ஏலும்னா காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க."

திருமதி ஹேரத் மூன்று தடவை வந்தார். ஒரு தடவை மழையில். ஒரு தடவை துஷார சோறு வடிக்கும்போது. மூன்றாம் தடவை நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தினுலியை மாமரத்தடியில் உட்காரவைத்துத் தனியாகக் கதைத்துவிட்டு வந்தார். பிள்ளை என்ன சொன்னது என்று கடைசி வரை சொல்லவில்லை. ஆறாம் கிழமை முடிவில் மறுபடியும் மேசைக்குக் கூப்பிட்டார். அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் துஷார பக்கவாட்டில் பார்க்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போடுங்க. வாசிச்சிட்டுப் போடுங்க," என்று ஒரு தாளை நீட்டினார். பிள்ளையை எந்த நேரத்திலும் பராமரிப்பின்றி விடமாட்டேன். நோய், படிப்பு, பாதுகாப்பு எதிலும் என் பொறுப்பை வேறொருவரிடம் தள்ளமாட்டேன். நிலைமை மாறினால் உத்தியோகத்தருக்கு உடனே தெரிவிப்பேன். துஷார மூன்று வரிகளையும் சத்தமாக வாசித்தான். பிறகு கையெழுத்திட்டான். ஒரு பிரதியை இரேஷா பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு வைத்துக் கொடுத்தாள்.

அவள் போன நாளில் தினுலி விமான நிலையத்தில் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அழுதாள். துஷார அவளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திருப்பினான். அழாதே என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இருவரும் கருவாடு பொரித்துச் சாப்பிட்டார்கள்.

நான்கு மாதம் நன்றாகவே போனது. பிறகு மழைக்காலம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தினுலிக்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். துஷார காத்திருக்கவில்லை. தனியார் மருத்துவ நிலையத்தில் இரத்தம் சோதித்தான். வியாழக்கிழமை காலை மறுபடியும் சோதித்தான். பிளேட்லெட் என்கிற இரத்தத் தட்டுகள் விழத் தொடங்கியிருந்தன. டெங்கு. தாளைக் கையில் வாங்கியவன், உடுப்புப் பையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைந்தான்.

சிறுவர் வார்டில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டில் கிடைத்தது, சேலைன் ஏற்றினார்கள். இளம் பெண் டொக்டர் ஒருத்தி ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளை குடிக்கிற ஒவ்வொரு மிடறையும், போகிற சிறுநீர் அவ்வளவையும் அளந்து நேரத்தோடு எழுத வேண்டும் என்றாள். "அடுத்த ரெண்டு நாள்தான் முக்கியம். கூட இருக்கிற ஆள் கண்ண மூடக் கூடாது."

துஷார அளவுக் கோப்பையை வாங்கி முதல் வரியை எழுதினான். பத்து நிமிஷத்தில் வார்டின் பொறுப்புத் தாதி வந்தார்.

"அம்மா எங்க?"

"சைப்பிரஸ்ல சிஸ்டர்."

"அப்ப வேற பொம்பளை யாரையாவது வரச் சொல்லுங்க. மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிஞ்சதும் ஆம்பிளைங்க வெளிய போகணும். இது தாய்மார் தங்குற வார்டு."

மங்கலிகா அக்கா தகவல் கேட்டுப் பதறிக்கொண்டு வந்தாள். அக்காவைக் கட்டில் பக்கத்தில் விட்டுவிட்டுத் துஷார வார்டு வாசலில், இரும்புக் கதவுக்கு வெளியே போய் நின்றான். காவலாளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே தினுலி அழுகிற சத்தம் கேட்டது. அத்தையின் கையில் இருக்கும் கோப்பையைத் தட்டிவிடுகிறாள். குடிக்க மாட்டேன் என்கிறாள். மங்கலிகா கதவருகே வந்து, "குடிக்க மாட்டேங்கிறாடா, பல்ல இறுக்கிக்கிட்டா. சிறுநீர் எவ்வளவுன்னு கேட்டாங்க, நான் கொட்டிட்டேன். அளக்கணும்னு மறந்தே போச்சு," என்று கண்ணீர் விட்டாள்.

துஷார இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். "ஏய், ஏய்!" என்று காவலாளி எழுந்தான். சத்தம் கேட்டுப் பொறுப்புத் தாதி திரும்பினார்.

"நான்தான் சொன்னேனே. இங்க தாய்மார் பால் குடுக்கிறாங்க, உடுப்பு மாத்துறாங்க. அவங்களுக்கும் மரியாதை இருக்குல்ல? உங்க ஒருத்தருக்காக நான் சட்டத்த மாத்தணுமா?"

அதில் நியாயம் இருந்தது. துஷாரவுக்கு அது புரிந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான்.

"நீங்க சொல்றது சரி சிஸ்டர். இதையும் ஒருக்கா வாசிங்க. இந்தப் பிள்ளைக்குச் சட்டப்படிப் பாதுகாவலர் நான்."

அவர் வாசித்தார். "இது வார்டுச் சட்டம் இல்லையே. வெளிநாட்டு வேலைக் காகிதம்."

"பிள்ளையை எந்த நேரத்துலயும் பராமரிப்பில்லாம விட மாட்டேன்னு அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப நான் வெளிய போனா கையெழுத்த மீறினவன் ஆயிருவேன். போகத்தான் வேணும்னா போறேன். ஆனா நீங்க ஒரு வரி எழுதித் தாங்க. 'பாதுகாவலரை நான் வெளியே அனுப்பினேன், பிள்ளை குடிக்கிறதுக்கும் அளக்கிறதுக்கும் நானே பொறுப்பு'ன்னு எழுதிப் பேரும் போடுங்க. நான் கதவுக்கு வெளியில நிக்கிறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். தேங்காய்க் களத்தில் விலை பேசும்போது வருகிற அதே நிதானம். தாதிக்கு முகம் சிவந்தது. சுற்றிலும் தாய்மார் கதையை நிறுத்திவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இந்தத் திருமதி ஹேரத்? நம்பர் இருக்கா?" என்று கடைசியில் கேட்டார்.

இருந்தது. தாதி தன் தொலைபேசியிலிருந்தே அழைத்தார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று துஷாரவுக்குக் கேட்கவில்லை. "ஆமா... ஆமா மிஸ்... அப்பா பேர்லயே எழுதியிருக்கு... இல்ல, குடிக்கல... நான் பாக்கிறேன்," என்கிற இந்தப் பக்கத்துப் பதில்தான் கேட்டது. இதற்கிடையில் அடுத்த கட்டிலில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் வாய் திறந்தாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். ஒரு துணிய நடுவுல கட்டி விடுங்க. அந்தப் பிள்ளை அழுறது காது குடுத்துக் கேக்க ஏலாம இருக்கு."

"ஆமா சிஸ்டர்," என்றது இன்னொரு குரல். "எங்க வீட்டு ஆளு இப்படி ஒரு தடவையாவது கதவத் தள்ளிக்கிட்டு வந்தா நான் ஆஸ்பத்திரிக்கே பாற்சோறு கொடுப்பேன்."

சிரிப்பு எழுந்தது. தாதியும் உதட்டைக் கடித்துக்கொண்டார். தினுலியின் கட்டிலைத் தாதியர் மேசைக்குப் பக்கத்தில், சுவரோரமாகத் தள்ளினார்கள். நடுவில் பச்சைத் திரை ஒன்றை நிறுத்தினார்கள். "திரைக்கு அந்தப் பக்கம் தலை தெரியக் கூடாது," என்றார் தாதி. "முதுக இந்தப் பக்கம் திருப்பி உட்காரணும். ஒரு முறைப்பாடு வந்தாலும் வெளியதான்."

"சரி சிஸ்டர்."

அவன் கோப்பையில் இளநீர் ஊற்றி மகளிடம் நீட்டினான். தினுலி அவனைப் பார்த்தாள். பல்லைத் திறந்தாள். ஐம்பது மில்லிலீட்டர். இரண்டு மணி பத்து நிமிஷம். துஷார எழுதினான்.

அந்த இரண்டு நாளும் அவன் எழுதிய தாள்கள் நான்கு. பெரிய டொக்டர் சுற்றி வந்தபோது தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டு, பயிற்சி டொக்டர்களிடம் ஒரு சுற்றுக் காட்டினார். தட்டுகள் இறங்கி, இறங்கி, ஓரிடத்தில் நின்று, மெல்ல ஏறத் தொடங்கின. சனிக்கிழமை காலையில் தினுலி பசிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாண் ரொட்டித் துண்டைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "கருவாடு இல்லையா?" என்றாள். துஷார அதற்குப் பிறகுதான் வெளியே போய், குழாயடியில் நின்று, முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதான்.

இரேஷா தொலைபேசியில் ஒரு வாரமாக, "நான் வரவா? நான் வந்திரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வேணாம். நான் இருக்கேன்ல," என்றான். முன்பும் அவன் இதே வார்த்தையைச் சொன்னதுண்டு, கொரியாவிலிருந்து. இப்போது சொல்லும்போது பிள்ளை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்கு நோயாளி இருந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலை. கிணற்றடி, பூச்சட்டி, பழைய டயர் எல்லாம் சுத்தம். பிறகு முற்றத்து ஓரத்துக்குப் போனார். அள்ளப்படாத மட்டைக் குவியல். தும்பு ஆலை லொறி மழை தொடங்கிய பிறகு வரவேயில்லை. பரிசோதகர் குனிந்து, கிண்ணம் போல் கிடந்த ஒரு மட்டையை எடுத்துத் துஷாரவின் கண் முன்னால் பிடித்தார். உள்ளே மழைத் தண்ணீர். தண்ணீரில் கொசுப் புழுக்கள் சுழித்துச் சுழித்து நெளிந்தன.

"உங்க முற்றத்துலயே இருக்கு அண்ணே."

துஷார அந்த மட்டையைக் கையில் வாங்கினான். பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதற்காக அவனே செய்துகொண்ட ஏற்பாடு. அவனே உரித்து அவனே எறிந்த மட்டை. அந்தக் குவியலிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்துதான் தினுலி தினமும் வீட்டுப்பாடம் எழுதினாள்.

பரிசோதகர் எச்சரிக்கைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனதும் மங்கலிகா அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. முக்கியமா அந்த ஹேரத் மிஸ்கிட்ட. காதுல விழுந்தா உன் பேர வெட்டிருவா. இரேஷாவ வரச் சொல்லிருவாங்க. மட்டைய அள்ளிப் போட்டுட்டுப் பேசாம இரு."

அவன் அன்றைக்கே மட்டையை அள்ளினான். பண்டாரவிடம் சொல்லி டிராக்டரை வரவழைத்து, குவியல் முழுவதையும் ஏற்றித் தும்பு ஆலையில் நேரில் கொண்டுபோய் இறக்கினான். இனி வீட்டில் உரித்தால் அன்றைய மட்டை அன்றைக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் தேங்காய் கொண்டுவர வேண்டாம் என்றான். பண்டார ஒத்துக்கொண்டார். தன் களத்திலும் மலைபோல் கிடந்ததை நினைத்திருப்பார். மறுநாள் அங்கேயும் அள்ளத் தொடங்கினார்கள்.

அதற்கடுத்த நாள், தினுலியை அக்காவிடம் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, பிரதேச செயலகத்தின் மாடிப்படி ஏறினான்.

"பிள்ளைக்குச் சுகமாமே. சிஸ்டர் சொன்னா," என்றார் திருமதி ஹேரத். "உங்களப் பத்தி முறைப்பாடா பாராட்டான்னு எனக்கே தெரியாத மாதிரிச் சொன்னா."

துஷார உட்காரவில்லை. எச்சரிக்கைத் தாளை மேசையில் வைத்தான். "மிஸ், புழு இருந்தது என் முற்றத்துல. நான் போட்ட மட்டையில. நிலைமை மாறினா தெரிவிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டேன்ல. அதான் வந்தேன்."

அவர் தாளை வாசித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"யாரும் உங்களக் கேக்கல. இந்தத் தாள் எங்கிட்ட வராது. அது வேற திணைக்களம்."

"தெரியும்."

"எழுதித்தான் ஆகணும். கோப்புல போகும்."

"எழுதுங்க. என்ன செஞ்சேன்னும் சேத்து எழுதுங்க மிஸ். மட்டை போயிருச்சு. வந்து பாக்கலாம்."

திருமதி ஹேரத் கோப்பைத் திறந்தார். நிதானமாக, ஒரு பக்கம் முழுக்க எழுதினார். துஷார அப்போதுதான் உட்கார்ந்தான். பெயரை வெட்டினால் வெட்டட்டும், மறுபடியும் ஆறு கிழமை கேட்பேன் என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தான்.

எழுதி முடித்துக் கோப்பை அவன் பக்கம் திருப்பினார். கடைசி வரியை விரலால் காட்டினார். பாதுகாவலர் தொடரலாம் என்றிருந்தது.

"தப்பு நடக்காத வீட்ட நான் பாத்ததில்ல தம்பி. ஒளிச்சு வைக்கிற வீட்டத்தான் எனக்குப் பயம். அந்தச் சித்தி போன கதைய அந்தக் குடும்பம் மூணு கிழமை ஒளிச்சு வச்சிருந்தாங்க." கோப்பை மூடினார். "போங்க, பிள்ளை தேடும்."

அன்று மாலை இரேஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மட்டையையும் சேர்த்து. மறுமுனையில் அவள் பார்த்துக்கொள்ளும் முதியவரின் இருமல் சத்தம் கேட்டது.

"எனக்குக் கோபம்," என்றாள் இரேஷா.

"தெரியும்."

"ஆனா நீங்களே சொன்னீங்க. அதனால நாளைக்குத்தான் கோபம். இன்னைக்கு இல்ல."

மறுநாள் அவள் உண்மையாகவே கோபப்பட்டாள். கால் மணி நேரம் வைது தீர்த்தாள். துஷார தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே வெங்காயம் அரிந்தான். அவள் முடித்ததும், தினுலி கேட்டாள், "அம்மா ஏன் கத்துறா?" "அப்பா தப்புச் செஞ்சேன்," என்றான். "பெருசா?" "பெருசுதான். சரி பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை தினுலி பள்ளிக்கூடம் போனாள். சீருடை இடுப்பில் தளர்ந்து நின்றது. துஷார உள்பக்கம் ஊசி குத்தி இறுக்கிவிட்டான். பள்ளி வாசலில் தாய்மார் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை எப்படி, எத்தனை நாள் வார்டில், பப்பாளி இலைச் சாறு கொடுத்தாயா என்று ஆளுக்கொரு கேள்வி. அவன் சாற்றை விட்டுவிட்டு மட்டைக் கதையைச் சொன்னான். அந்த ஊரில் தேங்காய் மட்டை கிடக்காத முற்றம் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக மாறியது.

"சனிக்கிழமை எங்க வீட்டுப் பக்கம் வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன் துஷார," என்றாள் ஒருத்தி. "கொட்டிலுக்குப் பின்னால எனக்குப் போகவே பயமா இருக்கு."

"வாறேன் அக்கா. உங்க வீட்டுக்காரரையும் நிக்கச் சொல்லுங்க."

"அவர் எதுக்கு? அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"அதனாலதான்," என்றான் துஷார. "அவர் நின்னா வருவேன். இல்லாட்டி வர மாட்டேன்."